கொஞ்சம் தாராளமா காட்டுது

நான் தைத்துக் கொடுத்த ரவிக்கை அத்தனையும் அவளுக்குக் கையில் இறுக்கிப் பிடித்தது என்பது எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதையும் அவளாகச் சொல்லவில்லை. ஒரு மத்தியானம் உறை ஊற்ற மோர் வாங்கலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். முந்தின நாள் நான் கொடுத்த ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு அக்குள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அதைச் சட்டென்று தலையணைக்குக் கீழே தள்ளினாள்.

“இன்னாடி அது?”

“சும்மாக்கா. கை நல்லா நெருக்கமா வந்திருக்குது. கொஞ்சம் காத்தோட்டமா வச்சிக்கலாம்னு பாத்தேன்.”

“டைட்டா இருக்குதுன்னு சொல்றதுக்கு வாய் வராதா உனக்கு? இதுக்கு முன்னாடி தைச்சதெல்லாம்?”

“எல்லாமே அழகா தைச்சிருந்தீங்கக்கா” என்றாள். அவ்வளவையும் பிரித்து, திரும்பத் தைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிள்ளையார்பாளையத்தில் இருபது வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். எனக்கு வாய் நீளம். என்னிடம் சண்டைக்கு வருகிற ஆட்களை எனக்குப் பிடிக்கும். கழுத்து இறங்கிவிட்டது, முதுகு தூக்குகிறது என்று கத்திவிட்டுப் போவார்கள், நானும் கத்துவேன், அடுத்த ரவிக்கை சரியாக வரும். சிரித்த முகத்தோடு வாங்கிப்போய் வீட்டில் பிரிக்கிறவளை என்ன செய்வது? அன்றைக்கு அவளை ஒரு மூச்சு திட்டிவிட்டு, மோர் வாங்காமலே திரும்பி வந்தேன்.

அவள் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த நாளாக இருந்தால் தைரியமாக எழுதியிருப்பேன், “நல்லாதான்கா இருக்குது” என்று படித்துவிட்டுப் போயிருப்பாள். இப்போது அவள் இருக்கிற இருப்பில், எந்த வரியில் என்ன தப்பு என்று வரிசை போட்டு அனுப்பிவிடுவாள். எதற்கு வம்பு?

எங்களுக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தார்கள். புருஷன் வேன் ஓட்டுகிறவர், தொழிற்சாலை ஆட்களை ராத்திரி ஷிப்டுக்கு ஏற்றி இறக்கும் வேலை. பெண் குழந்தை ஒன்று, ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்தது. இவள் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை மாடியில், முகூர்த்தப் புடவைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தாள். நின்றுகொண்டிருந்தாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த வேலையில் உட்காருவது கிடையாது.

அந்த மாடியில் சில வார்த்தைகளுக்கும் இடம் கிடையாது. கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்கள் காதுபட இல்லை என்று சொல்லக் கூடாது. கிழிசல், அறுந்தது, வெட்டு, போச்சு எதுவும் கூடாது. கேட்ட நிறம் கடையில் கிடையாது என்றால், “அது தறியில இருக்குதும்மா, அதுக்குள்ள இதைப் பாருங்களேன்” என்று அடுத்ததை விரிக்க வேண்டும். புதிதாகச் சேரும் பெண்களுக்கு இந்தப் பேச்சு படிய மாசக்கணக்காகும். இவள் சேர்ந்த அன்றே அப்படித்தான் பேசினாளாம். மாடியைப் பார்த்துக்கொண்ட பெரியவர் கைராசிக்காரி, வாய்ராசிக்காரி என்று கொண்டாடினார்.

என் அக்கா மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க நாங்கள் அவளிடம்தான் போனோம். அக்காவுக்கு ஒரு அரக்குப் புடவை பார்த்ததும் பிடித்துவிட்டது. இவள் பாதி விரித்தாள். கரையும் உடலும் சேருமிடத்தில் அவள் கண் ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்துக்கொண்டே மடிக்க ஆரம்பித்தாள்.

“இது இங்கயே இருக்கட்டும்மா. உங்க பொண்ணுக்குன்னு ஒண்ணு அந்தப் பக்கம் காத்துக்கினு இருக்குது.”

அக்கா விடவில்லை. அரக்குதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். இவளோ மயில் கழுத்தைக் காட்டினாள், மாம்பழத்தைக் காட்டினாள், பெண்ணின் நிறத்தைப் புகழ்ந்தாள், மாப்பிள்ளை ஊரைக் கேட்டு அதையும் புகழ்ந்தாள். கடைசியில் அக்கா களைத்துப்போய் மாம்பழத்தை எடுத்துக்கொண்டாள். படியிறங்கும்போது இவளை ஓரமாக இழுத்து, அந்த அரக்கில் என்ன குறை என்று கேட்டேன்.

“அந்தப் புடவைக்கு இன்னும் கொஞ்ச நாள் கடையிலயே இருக்கணும்னு ஆசைக்கா” என்றாள்.

இழை விட்டிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் ஒன்று, குறையுள்ள புடவையை அவள் யார் தலையிலும் கட்டியதில்லை. கண் எல்லாவற்றையும் பார்க்கும். வாய்தான் சொல்லாது.

வீட்டிலும் இதே கதைதான். வளையல் உடைந்தால் பெருகிடுச்சு, விளக்கு அணைந்தால் குளிர்ந்துடுச்சு என்று எல்லோரும்தான் சொல்கிறோம். இவள் அதோடு நிற்க மாட்டாள். காஸ் தீர்ந்தாலும் நிறைஞ்சிடுச்சு என்பாள், பஸ்ஸைத் தவறவிட்டாலும் அடுத்தது நமக்காக வருது என்பாள். புருஷன் ஒருதரம் என்னிடம், “இவ சொல்றத வச்சிக்கினு வீட்டுல அரிசி இருக்குதா தீந்துடுச்சான்னே எனக்குப் புரியமாட்டேங்குதுக்கா, நானே டப்பாவைத் தெறந்து பாத்துக்கறேன்” என்றார்.

இது எங்கிருந்து வந்தது என்று அவள் அம்மா முசரவாக்கத்திலிருந்து கருடசேவை பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. இவளுக்கு நாக்கில் ஒரு கறுப்பு மச்சம் இருக்கிறதாம். சின்ன வயசில் பக்கத்து வீட்டு முருங்கையைப் பார்த்து, “இந்தக் கெளை விழப்போவுது” என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் காற்றில் கிளை முறிந்து மாட்டுக் கொட்டகைமேல் விழுந்து கன்றுக்குட்டிக்குக் கால் போயிற்று. பிறகு ஒருநாள் மாமா வண்டியை எடுக்கும்போது, “மாமா சறுக்கிடுவாரு” என்றாளாம். அவரும் ஓரிக்கைப் பாலம் ஏறுவதற்குள் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டார். அதோடு ஊரில் கருநாக்கு என்று பேர் கட்டிவிட்டார்கள்.

“நல்ல காரியத்துக்குக் கூட்டிக்கினு போனா வாயில ஒரு வெல்லக்கட்டியைப் போட்டு வச்சிடுவேன்மா. அது கரையறதுக்குள்ள தாலி கட்டி முடிஞ்சிடணும்னு சாமியைக் கும்புட்டுக்குவேன்” என்று அம்மா சொன்னார். இவள் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருங்கைக் கிளை ஒடியும் என்று சொல்ல ஒரு கருநாக்கு வேண்டுமா? கொட்டகையைத் தள்ளிப் போடாமல் குழந்தையின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

வாயை அடைத்ததில் முதலில் கெட்டது அவள் கால்தான். நாள் முழுக்க நின்று நின்று முட்டிக்குக் கீழே நரம்பு புடைத்துச் சுருண்டுவிட்டது. கேட்கும்போதெல்லாம் “கால் கொஞ்சம் நிறைவா இருக்குதுக்கா” என்பாள். நிறைவாக இருந்த கால் ஒருநாள் கணுக்காலுக்குமேல் வெடித்துப் புண்ணாகி, செருப்பெல்லாம் ரத்தத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். டாக்டரம்மா பிடித்துத் திட்டினார். இத்தனை நாள் வலியைச் சொல்லாமல் என்ன செய்துகொண்டிருந்தாய், இனிமேல் நின்று செய்கிற வேலையை மறந்துவிடு, மறுபடியும் நின்றால் கால் உனக்கு இருக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். எனக்கு அந்த டாக்டரம்மாவை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

கடையை விட்டு வந்த கதை இன்னும் மோசம். கடைசி நாள் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்து, பெரியவர் காலில் விழுந்து, “வர்றேன்ணே” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். போகிறேன் என்று யார்தான் சொல்கிறோம்? ஆனால் நின்றுவிடுகிறேன் என்றாவது சொல்ல வேண்டும் அல்லவா? அவரோ, இவள் மகளுக்கு ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இனிப்பைத் தின்றிருக்கிறார். மறுநாளிலிருந்து போன். “எப்பம்மா வர?” இவள், “கால் ஆறட்டும்ணே, பாக்கலாம்ணே.” அவரும் பாவம், ஆவணி முகூர்த்தம் தொடங்கும்வரை இவள் இடத்தில் வேறு ஆளைப் போடாமல் வைத்திருந்தார். கடைசியில் நான்தான் போனைப் பிடுங்கி, அவள் வர மாட்டாள், வேற ஆள் பாத்துக்கங்க என்று சொன்னேன்.

“இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் தெனமும் போன் பண்ணியிருப்பேனாம்மா?” என்றார். நியாயம்தானே.

உட்கார்ந்து செய்கிற வேலை எதுவென்று தேடியவள், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் போர்டைப் பார்த்துவிட்டு வந்தாள். தபால் வழியில் பி.காம். முடித்தவள். சாஃப்ட்வேர் டெஸ்டிங் படிக்கப் போகிறேன் என்றாள்.

“அப்படின்னா இன்னா வேலைடி?”

“ஒருத்தர் கம்ப்யூட்டர்ல ஒண்ணு செஞ்சு குடுப்பாங்கக்கா. ஜனங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி அதுல எங்கெங்க தப்பு இருக்குதுன்னு நாம பாத்துச் சொல்லணும்.”

“நீயா?”

“ஆமாக்கா.”

“தப்புன்னு சொல்லணும்டி. வாயத் தெறந்து. நீயா?”

“பாத்துக்கலாம்கா” என்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

படித்தாள். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு மாடியில் சின்னக் கம்பெனி ஒன்று, கடை பில், ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி காரியங்களுக்கு ஆப் செய்து கொடுக்கிறவர்கள், அவளை எடுத்துக்கொண்டார்கள். ஆறு மாசம் பார்ப்பார்கள், சரியாக வந்தால் நிரந்தரம், வராவிட்டால் வீட்டுக்கு. வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று லேப்டாப் கொடுத்தார்கள். ஆனால் அவள் வீட்டில் பகலில் புருஷன் தூங்க வேண்டும். ஆகவே என் கடையில், இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அந்த நாற்காலிதான் அவள் காலுக்கு இருந்த ஒரே வழி. அது கைவிட்டால் மறுபடியும் ஏதாவதொரு மாடியில் போய் நிற்க வேண்டியதுதான். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள், சொன்னால் நடந்துவிடுமாம்.

வேலை செய்கிற விதத்தைப் பார்த்தால் சிரிப்பாக வரும். போனைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றைத் தொடுவாள், வேண்டாம் என்று பின்னால் போவாள், வேறொன்றைத் தொடுவாள், மறுபடி முதலில் தொட்டதுக்கே வருவாள். பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவாள். வந்து திரும்பவும் முதலிலிருந்து.

“இன்னாடி இது, பித்துப் புடிச்சாப்புல?”

“கல்யாணக் கூட்டம்கா” என்றாள். “அம்மா ஒண்ணு எடுப்பாங்க. அத்தை வந்து மாத்துவாங்க. பொண்ணு மூஞ்சைத் தூக்கும். சாப்பிடப் போயிட்டு வருவாங்க. கடைசில மொதல்ல எடுத்ததையே திரும்பக் கேப்பாங்க. யாரு நேரா வந்து ஒண்ணை எடுத்துக்கினு நேரா போறாங்க? அதான், ஒரு கூட்டமே வந்து அமுக்குனா எப்படியோ, அப்படி அமுக்கறேன்.”

அப்படி அமுக்கி நிறையத்தான் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப வேண்டும். எழுதியதை எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டுவாள். பில் பக்கம் திறக்காமல் நின்றுபோனால், ‘இந்தப் பக்கத்துக்குக் கொஞ்சம் பொறுமை பிடிக்கும்’ என்று எழுதுவாள். பாஸ்வேர்ட் போட்டும் உள்ளே விடாவிட்டால், ‘இரண்டாம் முறை இன்னும் நன்றாக வரவேற்கும்’. ஆப் செய்கிற ஆட்கள் படித்துவிட்டு, சந்தோஷம், குறை ஒன்றும் கிடையாது போலிருக்கிறது என்று மூடிவிடுவார்கள். அவள் மறுபடியும் இன்னும் மரியாதையாக எழுதுவாள்.

நாலு மாசம் தாண்டியதும் டீம் லீட் கூப்பிட்டார். வாலாஜாபாத்துக்காரர், இவளைவிட வயசில் சின்னவர், மரியாதையான ஆள். லேப்டாப்பில் பேசுவது எனக்கும் கேட்டது.

“மேடம், நீங்க நல்லா தேடறீங்க. அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. ஆனா நீங்க எழுதி அனுப்பறதைப் படிச்சா வாழ்த்து மடல் மாதிரி இருக்குது. சரியா இருக்குதா, தப்பா இருக்குதான்னு எங்களுக்குத் தெரியணும் இல்லையா? இந்த மருந்து ஆப் ரிலீஸ் வரைக்கும் பாப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்லி நான் எப்படிப் பேசுவேன்?”

“சரிங்க தம்பி. நல்லா எழுதறேன்” என்றாள். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

மருந்து ஆப் என்பது வயசானவர்களுக்காக ஒரு ஆஸ்பத்திரி செய்யச் சொன்னது. எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை, எத்தனை என்று போன் மணியடித்துக் காட்டும். திறந்ததும் மஞ்சள் மணி ஒன்று படமாக வரும். இவள் அதையும் கல்யாணக் கூட்டம் மாதிரி அமுக்கினாள். எட்டு மணிக்கு ஒரு மாத்திரை என்று வைத்தாள். பிறகு அவளே அத்தையாகி ஒன்பது என்று மாற்றினாள். அம்மாவாகி மறுபடி எட்டு என்று வைத்தாள். எட்டு மணிக்கு இரண்டு மாத்திரை என்று காட்டியது. அவள் முகம் மாறியதைப் பார்த்து, தையலை நிறுத்திவிட்டு எழுந்துபோய் நானும் பார்த்தேன்.

“எழுது. தப்புன்னு எழுது” என்றேன்.

எழுதினாள். என்ன எழுதினாள் என்று கேட்டேன்.

“‘நேரத்தை மாத்தினா மாத்திரை கொஞ்சம் தாராளமா காட்டுது’ன்னு போட்டிருக்கேன்.”

எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேஜையில் வீசினேன். “தாராளமாவா? ரெண்டு பி.பி. மாத்திரையைச் சேத்துப் போட்டுக்கினு ஒரு கெழவி பாத்ரூம்ல மயங்கி விழுந்தா அதுக்குப் பேரு தாராளமா?”

அவள் காதைப் பொத்திக்கொண்டாள். “அப்படிச் சொல்லாதீங்கக்கா. சீக்குக்காரங்க விஷயம். உங்க வாய் வேற, என் வாய் வேற. நான் போயி அவங்க விழுவாங்கன்னு எழுதி, அது மாதிரியே எங்கனா நடந்துட்டா?”

அன்றைக்குத்தான் புரிந்தது, அவளுக்கு இது வெறும் கடைப் பழக்கம் இல்லை. நாற்பதை நெருங்குகிற பெண், இன்னும் அந்த வெல்லக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருந்தாள். கோபமெல்லாம் இறங்கி எனக்குத் துக்கமாகிவிட்டது. அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆப் செய்கிறவர் அதையும் படித்துவிட்டு மூடிவிட்டார். எழுத்து பெரிதாக, தாராளமாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டாராம். அவர்மேல் தப்பு சொல்ல முடியுமா? இவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. திரும்பத் திரும்ப எட்டு, ஒன்பது, எட்டு என்று வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு.

ரிலீஸுக்கு முன்னால் எல்லோரும் லேப்டாப்பில் கூடிப் பேசினார்கள். காலை வெயில் கடை வாசலில் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பள்ளிக்கூடச் சீருடைக்குப் பட்டன் வைத்துக்கொண்டு நானும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். லீட் ஒவ்வொருவராகக் கேட்டார், ஒவ்வொருவரும் ஓகே என்றார்கள். இவள் முறை வந்தது.

“மேடம், உங்க பக்கம்?”

“நல்லாதான் இருக்குது தம்பி... ஆனா...”

“தேங்க்ஸ் மேடம். அப்ப எல்லாரும் ஓகே. மத்தியானம் அனுப்பிடலாம்.”

அவ்வளவுதான். அவளுடைய ‘ஆனா’ யார் காதிலும் ஏறவில்லை. அவர்கள் சாப்பாடு எங்கே ஆர்டர் செய்வது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் பட்டனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. பட்டுக்கடைப் பெரியவரிடம் செய்தது மாதிரி லேப்டாப்பைப் பிடுங்கி நானே கத்திவிடலாமா என்று எழுந்தும் விட்டேன். அவள் என்னைப் பார்த்துக் கையைக் காட்டி உட்கார வைத்தாள். அப்புறம் லேப்டாப் பக்கம் குனிந்தாள்.

“இல்ல தம்பி.”

அந்தப் பக்கம் பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது.

“இல்ல. அனுப்பாதீங்க. தப்பா இருக்குது.”

பேச்சு நின்றது.

“நேரத்தை மாத்தி, திரும்பப் பழைய நேரத்துக்கே வச்சா ஒரு மாத்திரையை ரெண்டுன்னு காட்டுது. வயசானவங்க ரெண்டையும் போட்டுக்குவாங்க. மயங்கி விழுந்துடுவாங்க. செத்துக்கூடப் போவாங்க. அனுப்பாதீங்க தம்பி.”

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லீட் காட்டச் சொன்னார். தன் திரை அவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்து, எட்டு, ஒன்பது, எட்டு என்று மாற்றினாள். இரண்டு என்று வந்தது. யாரோ ஒருவர், ஆப் செய்தவராக இருக்க வேண்டும், “ஐயையோ” என்றார்.

“இதை ஏன் மேடம் முன்னாடியே சொல்லலை?”

“எழுதியிருந்தேனே தம்பி. கொஞ்சம் தாராளமா காட்டுதுன்னு.”

ஒருவர் சிரித்தார், பிறகு நாலைந்து பேர் சிரித்தார்கள். லீட் சிரிக்கவில்லை. “அந்த வாழ்த்து மடலை நானும்தான் படிச்சேன், நானும் கேக்கலை” என்றார். பிறகு, “ரிலீஸ் இன்னிக்குக் கிடையாது. இப்ப எப்படிச் சொன்னீங்களோ, அதே மாதிரி எழுதி அனுப்புங்க. ஒரு வார்த்தையும் மாத்தாதீங்க” என்று முடித்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளாமல் பட்டனுக்கு நூல் கோத்தேன், நூல் ஊசிக்குள் போகவே மறுத்தது. அவள் அழவில்லை. பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மத்தியானம்வரை போன் மணி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டாள். புருஷனுக்குப் பேசி எழுந்தாச்சா என்று கேட்டாள். அம்மாவுக்குப் பேசி வீட்டில் எல்லோரும் சுகமா என்று கேட்டாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தெருமுனையில் போய் நின்று மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. பொழுது சாய்ந்ததும் என் கடைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“ஒண்ணும் ஆகலைக்கா” என்றாள்.

“ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதானடி சொன்ன?”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தக் கடைச் சிரிப்பு இல்லை, மூக்கால் சத்தம் வருகிற அசிங்கமான சிரிப்பு. எனக்கும் தொற்றிக்கொண்டது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாசம் அவளை நிரந்தரமாக்கினார்கள். அதற்கப்புறம் அவள் எழுதியதைச் சொல்லிக் காட்டும்போது கேட்க ஆனந்தமாக இருக்கும். ‘தப்பு. பட்டன் வேலை செய்யலை.’ ‘இதுவும் தப்பு.’ ‘போன வாரம் சரி பண்ணியாச்சுன்னீங்க, இன்னும் தப்பு.’ லீட் ஒருநாள், “மேடம், நடுநடுவுல ஒரு ப்ளீஸ் போட்டுக்கலாம்” என்று சொன்னார். புண் ஆறிக் காலில் ஒரு கறுப்புத் தழும்பு மட்டும் நின்றது. கம்பெனி சென்னையில் கிளை போட்டபோது மகள் படிப்பையும் உத்தேசித்துத் தாம்பரம் பக்கம் போய்விட்டார்கள். இஸ்திரி மேஜைப் பக்கம் அவள் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது தைக்காத துணிகளைக் குவித்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் என் மாமியாரை பி.பி.க்குக் காட்டிவிட்டு வந்தோம். ஆஸ்பத்திரியில் ஒரு பெண், மாத்திரையை மறக்காமல் இருக்க என்று மாமியார் போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து திறந்தேன். மஞ்சள் மணி.

என் கை தானாக ஓடியது. எட்டு மணி என்று இருந்ததை ஒன்பது ஆக்கினேன். மறுபடி எட்டு ஆக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஒரு மாத்திரை என்று காட்டியது. நம்பாமல் இன்னொரு தரம் மாற்றிப் பார்த்தேன். ஒன்றுதான். அப்பாடா என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மாமியார் கட்டிலிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

“ரொம்ப நேரமா அந்தப் போனை நோண்டிக்கினு இருக்கியே. எத்தினி மாத்திரைன்னு அதுல போட்டிருக்குது?”

“ஒண்ணுதான் அத்தை” என்று சொல்லி, ஒரு மாத்திரையைப் பிரித்து அவர் உள்ளங்கையில் வைத்தேன்.